கூசாத காது

மலைமேல் இருந்த மடத்துக்குத் தணிகாசலம் ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு வந்தார். குரு வடிவாம்பிகை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் தணிகாசலத்துக்கு அவர் தாயார்தான்.

“முகம் வாடியிருக்கே தணிகாசலம்?”

“திங்கட்கிழமை ஒரு முடிவு சொல்லணும், தாயே.”

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கிற சின்னப் பெட்டிகளைச் செய்யும் கம்பெனியில் அவருக்கு வேலை. பெட்டியின் சத்தம் எதுவரை ஏறலாம், எந்த இடத்தில் அதைப் பூட்ட வேண்டும் என்று சொல்கிறவர் அவர்.

“வாங்குறவங்க இன்னும் சத்தம் வேணும்னு கேட்கிறாங்க. பூட்டையே எடுத்துடுய்யான்னு முதலாளி தலைமேல நிக்கிறார். அவங்க காது, அவங்க பாட்டு. நடுவுல நான் யாரு?”

“இதுவரைக்கும் எங்கே பூட்டினீங்க?”

“என் காது கூசுற இடத்துக்கு ஒரு படி கீழே.”

“அளக்க மெஷின் இல்லையா?”

“இருக்கு. மெஷினுக்குப் பாட்டு தெரியுமா? நாள் முழுக்கக் காதுல மாட்டிக் கேட்டுட்டு நான் சொல்றதுதான் கடைசி வார்த்தை. தங்கக் காதுன்னே எனக்குப் பேரு.”

“வருஷா வருஷம் ஒரே இடத்துலதான் கூசுதா?”

“இல்லை. ஏறிக்கிட்டே போகுது. முன்னே கூசின சத்தம் இப்பக் கூசுறதில்லை. பழகிடுச்சு.”

குரு எழுந்து ஒரு சீடரிடம் ஏதோ சொல்லி அனுப்பினார். சற்றுப் பொறுத்து, மடத்துக்குப் பின்னால் இருந்த குகைக்குள் அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போனார். வெளியே உச்சி வெயில். உள்ளே தன் கையே தனக்குத் தெரியவில்லை.

“இங்கே உட்காருங்க.”

உட்கார்ந்தார். குருவின் கை விலகியது.

“என்ன கேட்குது?”

“சில்வண்டு கத்துது.”

“எந்தப் பக்கம்?”

தணிகாசலம் இடப்பக்கம் தலையைத் திருப்பினார். வண்டும் கூடவே திரும்பியது. வலப்பக்கம் திருப்பினார். அங்கேயும் வந்தது.

“சொல்லத் தெரியலை தாயே. தலைக்கு நடுவுல இருந்து கத்துற மாதிரி இருக்கு.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லை. நாம ரெண்டு பேருதானே இருக்கோம்.”

சொல்லி முடிக்கும்போதே அவர் பிடரியில் சூடாக ஒரு மூச்சு பட்டது.

“பின்னால நிக்கிறீங்களா தாயே?”

“இல்லை.” குரல் எதிரே இருந்து வந்தது.

குரு தீக்குச்சி கிழித்து விளக்கை ஏற்றினார்.

மடத்தார் அத்தனை பேரும் அவரைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் உதடும் அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னச் சலங்கை ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்தவரின் வாய் அவர் காதை ஒட்டி இருந்தது.

சலங்கைகள் குலுங்குவதைத் தணிகாசலம் பார்த்தார். சத்தம் வரவில்லை. வண்டு மட்டும் விடாமல் கத்தியது.

“இவங்க எப்போ வந்தாங்க?”

“நமக்கு முன்னாலேயே வந்துட்டாங்க. அப்போதிலிருந்து உங்க பேரைத்தான் கிசுகிசுன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க.”

“அப்போ சில்வண்டு?”

“இந்தக் குகையில வண்டு கிடையாது.”

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பொத்தியதும் அது இன்னும் பெரிதாகக் கத்தியது. கையை எடுத்தார்.

“இது எப்போ நிக்கும்?”

குரு விளக்கைச் சலங்கைகளின் பக்கம் நகர்த்தினார். தணிகாசலம் அவற்றையே பார்த்தார். பிறகு, தன் பெட்டிகள் போய்ச் சேர்ந்த ஊர்களெல்லாம் நினைவுக்கு வந்தவர்போல நிமிர்ந்தார்.

“திங்கட்கிழமை நான் எங்கே பூட்டணும் தாயே?”

குருவின் உதடுகள் அசைந்தன.

“கேட்கலை. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

குரு அவர் முகத்தருகே குனிந்தார்.

“உங்க பெட்டியை வாங்குறவங்களும் இதையேதான் சொல்றாங்க.”