ஊரே தூக்கிய தாம்பாளம்

விறைப்பட்டிக்காரர்களைச் சோம்பேறி என்று சொன்னால் சொன்ன நாக்கு அழுகிவிடும். தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தாலும், அது எழுந்து ஓடிவிடுகிற மாதிரி இறுக்கிப் பிடிப்பார்கள். தூங்கும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் தூங்குவார்கள். அத்தனை பொறுப்பு!

அந்த ஊர் மாடக்கண்ணு ஒருநாள் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் போட்டார். மூச்சைப் பிடித்து, தம் கட்டிப் போட்டதில் கழுத்து மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டது. உத்தரத்தைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை.

விடிந்தால் மகள் பவளக்கொடிக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி முகத்தைப் பார்க்காமல் உத்தரத்தைப் பார்த்துத் தாம்பாளத்தை நீட்டினால், திமிர் பிடித்தவன் என்று எழுந்து போய்விட மாட்டார்களா? 'முருகா, நல்ல இடமாச்சே, கை நழுவிடப் போகுதே!' என்று மனுஷன் உள்ளுக்குள் பதறினார்.

வைத்தியர் வந்து எண்ணெய் தடவினார். "எதுக்கும் இப்படித் தம் கட்டாதீங்க ஐயா. எந்த வேலைக்கும் பாதி பலம் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடனே உறவு கூடியது.

"அத்தான் பாதி பலம் போட்டா, மிச்சப் பாதியை யாரு போடுறது?" என்றான் மைத்துனன் சங்கிலி.

"நீதான் போடணும். பொண்ணுக்குத் தாய்மாமன்னு எதுக்கு இருக்கே?" என்றார் மாடக்கண்ணுவின் சித்தப்பா கொப்பையா.

"ரெண்டு பாதி சேர்ந்தா முழுசாயிடுமே மாமா! வைத்தியர் பேச்சை மீறலாமா?"

கொப்பையா யோசித்தார். யோசிக்கும்போதே அவருக்கு நெற்றி நரம்பு புடைத்தது. "அப்போ ஊரையே கூப்பிடு. ஆளுக்குக் கொஞ்சூண்டு போட்டா யாருக்கும் வலிக்காது."

"தம் மட்டும் கட்டிடக் கூடாது. அதுக்கு எல்லாரும் மூச்சை நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கணும்" என்றான் சங்கிலி.

மறுநாள் சம்பந்தி வீரபுத்திரர் வந்து உட்கார்ந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு தேங்காய், ஒரு சீப்புப் பழம். ஊரே சுற்றிக் குந்திப் பிடித்தது. தன் பங்குக்கு மேலே போட்டுவிடுவோமோ என்ற பயத்தில் ஒருவரும் தூக்கவில்லை. வியர்வைதான் ஆறாய் ஓடியது.

"என்னங்க, தேங்காயை ஆணி வச்சு அடிச்சிருக்கீங்களா?" என்ற வீரபுத்திரர், பொறுக்கமாட்டாமல் தானே ஒரு கையால் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டார். "சரி, பொண்ணு குடுக்கச் சம்மதந்தானே?"

தலையாட்ட வேண்டும். தலை வரவில்லை. வாயால் சொல்லலாமே என்று அந்த ஊரில் யாருக்குத் தோன்றப் போகிறது?

"எங்க மூஞ்சியப் பார்க்கவே பிடிக்கலையோ? அப்போ நாங்க கிளம்பறோம்" என்று எழுந்தார் வீரபுத்திரர்.

"அமுக்குங்கடா அத்தான் தலையை!" என்று அலறினான் சங்கிலி. ஊர் மொத்தமும் ஆளுக்குக் கொஞ்சூண்டு பலம் போட்டு ஓர் அமுக்கு அமுக்கியது. மடக்! தலை இறங்கி, இடுப்பும் மடங்கி, மாடக்கண்ணு குனிந்த வாக்கில் அப்படியே பிடித்துக்கொண்டார்.

"அடடா, என்ன பணிவு!" வீரபுத்திரர் உருகிப்போய்ப் பதிலுக்குக் குனிந்தார். எதிரே இருப்பவர் நிமிராமல் தான் முதலில் நிமிர்வது மரியாதையா? அவரும் அப்படியே நின்றுவிட்டார்.

முகூர்த்தத்தன்றும் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டியபடிதான் நின்றார்கள். தாலி கட்டியதும் பொண்ணும் மாப்பிள்ளையும் அவர்கள் காலில் விழுந்தார்கள். பெரியவர்களை விட உயரமாய் எழுந்து நிற்கலாமா என்று அங்கேயே கிடந்தார்கள். அதைப் பார்த்து ஊரும் படுத்துக்கொண்டது. படுத்தபடியே எறிந்த அட்சதை அவரவர் மூக்கிலேயே விழுந்தது.

வெளியூர் நாயனக்காரர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தார். மரியாதை தெரியாத மனுஷன் என்று கடைசிவரை அவருக்கு இலையே போடவில்லை.