முதுகு காட்டாத வால்நட்சத்திரம்

மருதங்காட்டு அரசவையில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜாவிடம் விடை பெற்றுப் போகிறவர் அவருக்கு முதுகைக் காட்டக் கூடாது. கும்பிட்ட கையோடு, முகம் ராஜாவைப் பார்த்தபடி, வாசல் வரைக்கும் பின்னாலேயே நடந்து போக வேண்டும். எல்லோரும் அழகாகத்தான் போவார்கள். மாசிலாமணி மட்டும் எதன் மேலாவது போய் விழுவார்.

இத்தனைக்கும் அவையிலேயே பெரிய புத்திசாலி அவர்தான். அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார். எந்தச் சிக்கலிலும் பத்தடி முன்னால் பார்க்கிற அவர் கண்ணுக்கு, ஓரடி பின்னால் நிற்கிற குத்துவிளக்கு தெரியாது. ஒரு முறை தளபதியின் மடியிலேயே போய் உட்கார்ந்துவிட்டு, "இடம் சௌகரியமாக இருக்கிறது" என்று சமாளித்தார்.

ஆனால் அன்று சாயங்காலம் விழுந்ததைச் சமாளிக்க முடியவில்லை. வாசற்படி தடுக்கி மல்லாக்க விழுந்தார். கால்கள் இரண்டும் மேலே போயின. உள்ளங்கால்கள் நேராக ராஜா மகுடவர்மனின் முகத்தைப் பார்த்தன.

அந்த நேரம் பார்த்து வெளியே காவல்காரன் குரல் கொடுத்தான். மேற்கே வால்நட்சத்திரம் தெரிகிறதாம்.

மாசிலாமணி எப்போது மாட்டுவார் என்று காத்துக்கொண்டிருந்தவர் ஆஸ்தான ஜோசியர் நாகலிங்கம். விடுவாரா?

"மகாராஜா, இவர் காலைத் தூக்கினார், வானம் வாலைத் தூக்கிவிட்டது. அந்தத் தூமகேதுவின் வால் நம் அரண்மனை மேல்தான் நீள்கிறது. அவமரியாதை செய்தவர் நாட்டை விட்டுப் போனால்தான் அதுவும் போகும்."

வால்நட்சத்திரம் என்றாலே ராஜாவுக்குப் பயம். "ஓய் மாசிலாமணி, வருகிற அமாவாசைக்குள் அதை என் வானத்திலிருந்து போகச் சொல்லும். அது போகாவிட்டால் நீர் போகவேண்டியதுதான்."

"உத்தரவு" என்றார் மாசிலாமணி. அன்று சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியேறினார்.

வீட்டில் அவர் மனைவி செண்பகவல்லி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. "கோட்டை வாசலைத் தாண்டினா நமக்கு யாரு இருக்கா? இந்தப் பச்சைக் குழந்தையத் தூக்கிட்டு எங்க போறது?" என்று மட்டும் கேட்டாள். புத்திசாலி என்று பேர் வாங்கி என்ன பிரயோஜனம், ஒன்றரை வயதில் கற்றுக்கொள்கிற நடையே இன்னும் வரவில்லையே என்று மாசிலாமணி தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் கொல்லையில் பின்னால் நடந்து பழகினார். மாட்டுத் தொட்டியில் இடறி மல்லாந்தார். எழுந்திருக்க வெட்கமாக இருந்தது. கிடந்தபடியே மேற்கைப் பார்த்தார். சூரியன் இறங்கின இடத்துக்கு மேலே வால்நட்சத்திரம் நின்றது. தலை கீழே, சூரியன் பக்கம். வால் மேலே, எதிர்ப்பக்கம்.

"இன்னிக்கு அங்கயே படுக்கையா?" என்றாள் செண்பகவல்லி.

"வல்லி, போன மாசம் விடியக்காலையில கிழக்க ஒண்ணு தெரிஞ்சுதே. அதுக்குத் தலை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"சூரியன் வர்ற பக்கம். வாலு மேல. வாசல் தெளிக்கறப்ப பாத்தேனே."

மாசிலாமணி படுத்தபடியே சிரித்தார். "இது நம்ம ஆளுதான் வல்லி."

அடுத்த நாள் சாயங்காலம் அரண்மனை மொட்டைமாடிக்கு ராஜாவை அழைத்தார். கூடவே ஜோசியரும் வந்தார்.

"மகாராஜா, போன மாதம் விடியற்காலையில் கிழக்கே ஒரு வால்நட்சத்திரம் வந்ததே?"

"வந்தது. வெற்றிக்கு அறிகுறி என்று ஜோசியர் சொன்னார்."

"அதுவேதான் இது. சூரியனைப் பார்க்க வந்தது. பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது."

ஜோசியர் குறுக்கே வந்தார். "நன்றாயிருக்கிறது. ஓடுகிற குதிரைக்கு வால் பின்னால்தானே இருக்கும்? இது சூரியனை விட்டுப் போகிறதென்றால் வால் சூரியன் பக்கமல்லவா இருக்க வேண்டும்? இதற்கு வால் முன்னால் போகிறதே."

இதைத்தான் மாசிலாமணி எதிர்பார்த்திருந்தார். "ஜோசியரே, நான் அவையை விட்டுப் போகும்போது முன்னால் போவது எது?"

ராஜாவே முந்திக்கொண்டு சொன்னார். "உம்முடைய பின்பக்கம்."

"அதேதான் மகாராஜா. வானத்துக்கு ராஜா சூரியன். அவனுக்கு வாலைக் காட்டக் கூடாதென்று இதுவும் பின்னாலேயே நடந்து போகிறது. என்னைவிட நன்றாகவே நடக்கிறது. நாம் வாசல் பக்கம் நிற்கிறோம், அதனால் வால் நம் பக்கம் வருகிறது. என் பின்பக்கமும் தினம் வாசல் காவலர்களை நோக்கித்தான் வருகிறது. அதனால் அவர்களுக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை, நான் மேலே விழுந்த நாட்களைத் தவிர."

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இதற்கு ருசு?"

"தினமும் பாருங்கள். சூரியனை விட்டு விலகும், மங்கும். வாலை மட்டும் சூரியன் பக்கம் திருப்பாது."

ராஜா சாயங்காலம் தவறாமல் மாடியேறிப் பார்த்தார். வால்நட்சத்திரம் மெல்ல மெல்ல மேலே ஒதுங்கியது, மங்கியது. அமாவாசை இருட்டில் கண்ணை இடுக்கித் தேடியும் காணவில்லை. கடைசி வரைக்கும் அது வாலைத் திருப்பவே இல்லை.

மறுநாள் சபை கூடியது. "ஜோசியரே, வந்தவரும் போனவரும் ஒருவர்தான். வரும்போது வெற்றி என்றீர், போகும்போது கேடு என்றீர். மாசிலாமணி விழுவதற்கு முன்பே அது வந்தாயிற்று" என்றார் ராஜா. ஜோசியர் தலையைக் குனிந்துகொண்டார். "மாசிலாமணி, நீர் எங்கும் போக வேண்டாம். இனிமேல் பின்னாலேயும் நடக்க வேண்டாம். உமக்கு மட்டும் அனுமதி தருகிறேன். திரும்பி, நிமிர்ந்து நடந்து போம்."

மாசிலாமணிக்குக் கண் கலங்கியது. செண்பகவல்லியிடம் உடனே சொல்ல வேண்டும். திரும்பினார். நெஞ்சை நிமிர்த்தினார், மோவாயை உயர்த்தினார். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த அவையை விட்டு முன்னால் பார்த்து நடந்தார். வாசற்படி வரைக்கும் நன்றாகத்தான் போனார்.

குப்புற விழுந்தார். உள்ளங்கால்கள் இரண்டும் மறுபடி நேராக ராஜாவைப் பார்த்தன.

ஜோசியரின் கழுத்து மெதுவாக ஜன்னலுக்கு வெளியே வானத்தின் பக்கம் திரும்பியது.

தரையில் மூக்கு பதிந்தபடியே மாசிலாமணி சொன்னார்: "மகாராஜா, ஒரே ஒரு உத்தரவு போடுங்கள். இன்றைக்கு யாரும் மேலே பார்க்கக் கூடாது."

மகுடவர்மன் சிரித்த சிரிப்பில் மகுடம் காதுக்கு இறங்கிவிட்டது. அந்த வாசற்படியை மறுநாளே பெயர்த்து எடுத்தார்கள்.