கடைமடையான் என்கிற பெயர்

மாம்பாறை ஜமீனில், எதற்கெடுத்தாலும் குறைபட்டுக்கொள்கிற ஆளைக் 'கடைமடையான்' என்பார்கள். வாய்க்காலின் கடைசி மடையில் பயிர் வைத்திருந்தவர்களுக்கு ஜமீன்தார் சூட்டிய பெயர் அது. தண்ணீரையெல்லாம் தன் தென்னந்தோப்புக்குத் திருப்பிக்கொண்டு, "பிறவியிலேயே திருப்தி இல்லாத ஜென்மங்கள்" என்பார்.

அரண்மனையில் பந்தி பரிமாறும் பூவாத்தா அந்தக் கடைமடை ஊர்க்காரி. ஒருநாள் துணிந்து தண்ணீர் கேட்டாள்.

ஜமீன்தார் சிரித்தார். "உங்க ஊர்க்காரங்க குறைபட்டுக்கிறது பிறவிக் குணமில்லேன்னு காட்டு, மதகைத் திறக்கிறேன். முடியலேன்னா குடும்பத்தோட ஊரைக் காலி பண்ணு."

"நாளைக்கு விருந்திலே காட்டறேன் எசமான்."

பாயசம் எப்போதும் ஜமீன்தார் இலையில்தான் முதலில் விழும். மறுநாள் பூவாத்தா பந்தியின் மறுகோடியிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்தாள். ஏலக்காய் மணம் முன்னால் வந்துவிட்டது. ஜமீன்தார் ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். பக்கத்து இலையோடு வாளி காலியானது.

"எல்லாருக்கும் இருக்கு, எனக்கு மட்டும் இல்லையா? கேக்க நாதியில்லையா இங்கே?"

பந்தி அப்படியே நின்றது.

"ஒரு வாளி பாயசத்துக்கே எசமானுக்கு இந்தக் குணம் வந்துடுச்சே" என்றாள் பூவாத்தா. "எங்கப்பா சாகிற வரைக்கும் வாய்க்காலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு."

ஜமீன்தார் இலையை மடித்தார். சாயங்காலம் மதகு திறந்தது.

தண்ணீர் கடைமடைக்கு வந்தபோது ஊரே வயலுக்கு ஓடியது. பூவாத்தா மட்டும் அப்பா உட்கார்ந்திருந்த கரையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டாள். எழுந்திருக்க மனம் வரவில்லை.