செந்நாய்க்குக் குரல் போன கதை

காட்டு மிருகங்களுக்கெல்லாம் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மாயாற்றுப் பள்ளத்தில் ஒரு செந்நாய்க் கூட்டம் இருந்தது. அப்போதெல்லாம் செந்நாய்க்குக் கனத்த குரல். ஒன்று குரைத்தால் அக்கரையில் மேய்கிற மான் காதைத் தூக்கும். அந்தக் குரல் எப்படிப் போனது என்பதுதான் கதை. சந்தோஷமான கதை இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கூட்டத்துக்குத் தலைவன் கருவாலன். அவன் மனைவி செம்பி. ஓட்டத்தில் அவளை முந்த ஆளில்லை. அவர்களுக்கு ஆறு குட்டிகள். பால் குடிப்பது குறைந்து, கறியை நக்கிப் பார்க்கத் தொடங்கியிருந்த வயது. பெரியவர்கள் வேட்டைக்குப் போகும்போது குட்டிகளைப் பாறைப் பொந்துக்குள் விட்டுவிட்டுப் போவார்கள். வாசலில் மூளி காவல் இருப்பாள். மூளி கருவாலனுக்கு அக்கா. அவளும் ஒரு காலத்தில் ஓடினவள்தான். ஒரு கடமான் உதைத்த உதையில் ஒரு காது கிழிந்து, ஒரு பின்னங்கால் நொண்டியாகிப் போனது. அதிலிருந்து அவளுக்குப் பொந்துதான் உலகம்.

வெயில் ஏறியதும் ஒரு கழுதைப்புலி அந்தப் பக்கம் வரும். கிழடு. பல் பாதிதான் மிச்சம். ஆனால் குட்டியைத் தின்ன அந்தப் பாதி போதும். புதருக்குப் பின்னால் நின்றுகொண்டு, விருந்துக்கு வந்ததுபோல் நயமாகக் கேட்கும்.

"என்ன அம்மிணி, ஊட்டுல ஆளு இருக்குதா?"

"இருக்குது. நடையக் கட்டு."

மூளி எழுந்து நின்று ஒரு குரை குரைப்பாள். அது போய்விடும். மறுநாளும் வரும், மறுநாளும் போகும். அவ்வளவுதான் மூளியின் வேலை. பார்க்கிறவர்களுக்கு அது வேலையாகவே தெரியாது. பார்க்கத்தான் அங்கே யாரும் இருந்ததில்லையே. ஒருமுறை அவள் கருவாலனிடம் இதைச் சொன்னாள். "நாங்க வர்றப்ப ஒரு நாளாச்சும் அது கண்ணுல பட்டிருக்குதா அக்கா?" என்று அவன் கேட்டான். அதற்குமேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கருவாலனைக் கெட்டவன் என்று நினைக்க வேண்டாம். அவன் தலைவனாவதற்கு முன்னால், விழுந்த மானைச் சுற்றி ஒரே அடிதடியாக இருக்கும். வலுத்தவன் தின்பான், இளைத்தவன் கடிபட்டுப் போவான். கருவாலன் வந்து ஒரு சட்டம் போட்டான். செய்த வேலைக்கு ஏற்ற பங்கு. முதலில் கவ்வியவருக்கு ஈரல். கூடவே துரத்தியவர்களுக்குத் தொடை. தள்ளி நின்று மடக்கியவர்களுக்கு விலா. ஓடாதவர்களுக்கு மிச்சம் மீதி. வேட்டை முடிந்ததும் பாறைமேல் ஏறி நின்று, இன்னாருக்கு இன்னது என்று உரக்கச் சொல்வான். சண்டை நின்றது. எல்லோரும் அவனைப் புகழ்ந்தார்கள். போட்ட அன்றைக்கு அது நல்ல சட்டம்தான்.

ஆனால் ஈரல் ருசி கண்டவர்கள் யாரும் விலாவுக்காகத் தள்ளி நிற்பார்களா? ஆற்றுத்துறையில் நின்று மானை மடக்க ஆள் கிடைக்கவில்லை. அத்தனை பேரும் முன்னால் ஓடினார்கள். மான் துறையில் இறங்கி அக்கரைக்குப் போய்விட்டது. வேட்டை குறைந்தது. வேட்டை குறைந்ததும் மூளிக்குக் கிடைக்கிற மிச்சமும் குறைந்தது. கருவாலன் பாறைமேல் நின்று, "இன்னும் வேகமா ஓடுங்க" என்றான். யார் எங்கே நிற்பது என்று அவன் சொல்லவில்லை. ஓட்டம்தான் அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை.

ஒரு நாள் மூளியின் முன்னால் ஒரு குளம்பு வந்து விழுந்தது. அன்றைய பங்கு அதுதான்.

"தம்பி, காவலுக்கு ஒரு வாய்க் கறி கெடையாதா?" என்று கேட்டாள். அவள் விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது.

"காவல்னா என்னக்கா? நெழல்ல படுத்துக் கெடக்கறதுதானே?" என்றான் கருவாலன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தொங்கன் என்ற இளவட்டம், "அந்த வேலைய எனக்குக் குடுங்க மாமா, நானும் தூங்கறேன்" என்றான். இன்னும் சிரிப்பு.

மூளி குளம்பைத் தள்ளிவிட்டாள். "அப்படீன்னா நாளைக்கு நானும் வேட்டைக்கு வாறேன்."

"வா, யாரு வேண்டாங்கறது!" என்றான் அவன், இன்னும் சிரிப்பு அடங்காமல்.

அந்த இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. நீ வந்தால் பொந்தில் யார் இருப்பது? தலைவன் கேட்கவில்லை. செம்பி பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தான். செம்பி அவன் யாரையாவது நிறுத்துவான் என்று நினைத்தாள். மூளியாவது கேட்டிருக்கலாம். கேலிக்கு ஆளான வயிற்றெரிச்சலில் அவளுக்கு வாய் வரவில்லை. கூட்டமாக இருப்பவர்களிடம் இப்படி ஒரு பாழாய்ப்போன பழக்கம் உண்டு. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

விடிந்தது. மூளி கிளம்பும்போது திரும்பிப் பார்த்தாள். பொந்து வாசலில் தொங்கன் படுத்திருந்தான். நேற்றுக் கேட்ட வேலையை வாங்கிக்கொண்டான்போல என்று நினைத்துக்கொண்டு நடந்தாள். அவனோ காலில் ஏறிய முள்ளைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தான். முள் வந்ததும் எழுந்து வேறு தடத்தில் ஓடிப் போய்க் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான்.

மூளியால் ஓட முடியாது. அதனால் அவள் யோசித்தாள். நேராக ஆற்றுத்துறைக்குப் போய் நாணலுக்குள் பதுங்கினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய ஆண் புள்ளிமான் வாயில் நுரை தள்ள வந்தது. பின்னால் கூட்டம். இன்னும் நாலு எட்டில் தண்ணீர். மூளி நாணலைப் பிளந்துகொண்டு எழுந்து அதன் மூக்கைக் கவ்வினாள். கொம்பு அவள் தோளைக் கிழித்தது. அவள் விடவில்லை. அதற்குள் மற்றவர்கள் வந்து விழுந்தார்கள்.

வெகு நாளைக்குப் பிறகு எல்லோருக்கும் வயிறு நிறைய இருந்தது. கருவாலனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கரையோரக் கல்லில் ஏறிக் காடே கேட்க முழங்கினான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! இன்னைக்குத்தான் எங்கக்கா வேலை செஞ்சுது! ஈரல் அதுக்குத்தான்!"

ஈரல் சூடாக இருந்தது. மூளி கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். தன் பெயரை அந்தக் கல்மேலிருந்து கேட்டு எத்தனை மழை போயிற்று! அவள் வாழ்க்கையிலேயே நல்ல நேரம் அதுதான். பாவம், ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

வேறொரு மானைத் துரத்திப் போய்ச் சுற்றி வளைத்து வந்த செம்பி அப்போதுதான் கூட்டத்துக்குள் நுழைந்தாள். மூளியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அண்ணி, நீங்க இங்க இருக்கறீங்க. அப்பக் குட்டிககிட்ட யாரு?"

மூளி தொங்கனைத் தேடினாள். அவன் தொடைக்கறியும் வாயுமாக எதிரிலேயே இருந்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒரு தலை குறையவில்லை.

ஓடினார்கள். அன்றைக்கு ஓடிய ஓட்டம் எந்த மானையும் பிடித்திருக்கும். மூளி நொண்டிக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்தபோது, செம்பி வாசலில் கிடந்து மண்ணை நக்கிக்கொண்டிருந்தாள். மண்ணில் இரத்தம். பொந்துக்குள் கொஞ்சம் மென்மயிர். எங்கும் கழுதைப்புலி வாடை.

கருவாலன் அக்காவின்மேல் பாய்ந்தான். "குட்டிகள உட்டுப்போட்டு எங்கே போனே?"

"வேலைக்குப் போனேன் தம்பி. இன்னைக்குத்தான் நான் வேலை செஞ்சேன்னு நீதானே சொன்னே."

சொல்லிவிட்டு அவளே கதறிவிட்டாள். அவனுக்குப் பிறந்த குட்டிகள் என்றாலும், அவள் வயிற்றில் சாய்ந்து தூங்கிய குட்டிகள் அவை.

கருவாலன் கூப்பிடத் தொடங்கினான். ஒன்றிரண்டாவது தப்பி எங்கேயாவது ஒளிந்திருக்காதா என்ற நப்பாசை. பாறைமேல் நின்று குரைத்தான். பள்ளத்தில் இறங்கி ஊளையிட்டான். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்தான். பங்கு பிரித்த அதே குரலில் கெஞ்சினான். பதில் இல்லை. மற்றவர்கள் ஓய்ந்து படுத்தார்கள். அவன் ஓயவில்லை. தொண்டை புண்ணாகி இரத்தம் வந்தது. பிறகு குரலே வரவில்லை. வாயைத் திறந்தால் காற்று மட்டும் சன்னமாக வந்தது, மூங்கில் ஓட்டையில் காற்று புகுந்தால் வருமே, அதுபோல ஒரு சீட்டி.

அந்தச் சீட்டிக்குத்தான் பாறை இடுக்கிலிருந்து ஒரு குட்டி வெளியே வந்தது. ஒன்றே ஒன்று.

"இத்தன நேரம் கூப்புட்டமே சாமி, ஏன் வரலே?" என்றாள் செம்பி, அதை நக்கிக்கொண்டே.

"பேசற சத்தங் கேட்டாப் பயமா இருந்துச்சு" என்றது குட்டி. "அதும் பேசுச்சு. அம்மிணி, ஊட்டுல ஆளு இருக்குதான்னு கேட்டுச்சு. அத்தே இல்லை. அதனால நாங்களே சொன்னோம்."

"என்ன சொன்னீங்க?"

"யாருமில்லீங்க, எல்லாரும் வேலைக்குப் போயிருக்கறாங்கன்னு."

குட்டி பசி என்றது. சுற்றி நின்ற அத்தனை பேர் வயிறும் நிறைந்திருந்தது, அதற்குக் கொடுக்க ஒரு துண்டு இல்லை. மூளி குனிந்து உடம்பை உலுக்கினாள். தின்ற ஈரல் முழுவதையும் குட்டியின் முன்னால் கக்கினாள். குட்டி தின்றது. கருவாலன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனும் குனிந்தான். தன் வயிற்றிலிருந்ததை அக்காவின் முன்னால் கக்கிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். மன்னிப்புக் கேட்க அவனுக்குக் குரல் இல்லை.

மறுநாள் யார் எங்கே நிற்பது என்று அவன் ஒவ்வொருவராகப் போய் மூக்கால் தொட்டுக் காட்டினான். துறைக்கு இருவர். துரத்தச் செம்பியோடு சிலர். எல்லோரும் போன பிறகு, மூளியின் பக்கத்தில் பொந்து வாசலில் தானும் உட்கார்ந்தான். அதன்பின் அவன் பாறைமேல் ஏறவே இல்லை. கூட்டத்தில் மற்றவர்களும் மெல்ல மெல்லப் பேச்சை விட்டார்கள். பேச்சுக் குரல் கேட்டால் அந்தக் குட்டி இடுக்கில் போய் ஒளிந்துகொண்டது. அதற்காகவே எல்லோரும் அப்பனின் சீட்டியைப் பழகிக்கொண்டார்கள்.

செந்நாய்கள் குரல் எழுப்பி வேட்டையாடாமல் சீட்டியடித்து ஒன்றையொன்று தேடிக்கொள்வது அந்த நாளிலிருந்துதான். மான் விழுந்தால் முதலில் குட்டிகள் தின்னும். இரத்த வாசனை மூக்கில் ஏற, பெரியவை பசியோடு சுற்றி நிற்கும். திரும்பி வந்ததும் காவலிருந்தவளுக்கு முதல் வாய் கக்கிக் கொடுத்த பிறகே படுக்கும். புதருக்குப் பின்னால் இன்றைக்கும் ஒன்று வந்து நிற்கிறது. கேட்க அதற்கும் பேச்சில்லை இப்போது. வாசலில் ஒருத்தி வயிறு நிறைந்து உட்கார்ந்திருக்கிறாளா என்று மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.