பாலிமூனாவுக்குப் பஸ் வந்த கதை

அயர்லாந்து தேசத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு மாவட்டம் இருக்கிறது. மழை பெய்யாத நாள் என்று ஒன்று உண்டா என்பதில் அங்கே இரண்டு கட்சி. அந்த மாவட்டத்தில் பாதி ஊர்களுக்குப் பேர் 'பாலி' என்று தொடங்கும், மீதிப் பாதி 'கில்' என்று தொடங்கும். அவர்கள் பாஷையில் பாலி என்றால் ஊர், கில் என்றால் மாதா கோயில். கில்பன்னா என்ற ஊரில் கோயில் இருந்தது. அதனால் அந்த ஊர்க்காரர்கள் தங்களைப் புத்திசாலிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊரான பாலிமூனாக்காரர்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. அவர்கள் நினைப்பதே கிடையாது.

சொன்னதைச் செய்வார்கள். அதில் அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஒருமுறை மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, "ரோடு நனைஞ்சு நனைஞ்சு கெட்டுப்போகுது, கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு மழை பிடித்தது. ஊரே ரோட்டோரம் வரிசையாக நின்று ரோட்டுக்குக் குடை பிடித்தது. ரோடு நனையவில்லை. ஊருக்கே சளி பிடித்தது.

இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு கஷ்டம் இருந்தது. பஸ் கிடையாது. டவுனுக்குப் போக வேண்டுமென்றால் சதுப்பு நிலத்தில் முழங்கால் சேற்றில் நடக்க வேண்டும். போன குளிர்காலத்தில் ஃபீலிமின் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது என்று அவர் வீட்டு வாசல் கதவைக் கழற்றி, அதில் அவரைப் படுக்கவைத்து டாக்டரிடம் சுமந்து போனார்கள். போய்ச் சேர்ந்ததும் டாக்டர் முதலில் சுமந்தவர்களைத்தான் படுக்கவைத்தார். அந்த அம்மாள் எழுந்து போய் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

ஆகவே ஹெனகன் என்ற அதிகாரி 'பாலிமூனா' என்று எழுதிய ஒரு பலகையோடு வந்து, பஸ் விடப்போகிறோம் என்றதும் ஊர் மூச்சுவிடாமல் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை காலைல வெள்ளோட்டம். ஊர் எங்கே ஆரம்பிக்குதோ அங்கே இந்தப் பலகையை வெச்சுடுங்க. பலகைக்குப் பின்னாடி வரிசையா நில்லுங்க. பஸ் வர்ற சத்தம் கேட்டதும் கையைத் தூக்குங்க. பஸ் நிக்கிற வரைக்கும் இறக்கிடாதீங்க. ஒரு ஆளாவது ஏறணும். ஏறலைன்னா இந்த ஊருக்கு இனிமே பஸ்ஸே கிடையாது."

அவர் போனதும் மதுக்கடை மலாக்கியின் தலைமையில் கூட்டம் கூடியது. கடை அவருடையது என்பதால் தலைமையும் அவருடையது.

"ஊர் எங்கே ஆரம்பிக்குது?" என்று கேட்டார் மலாக்கி. "என் அபிப்பிராயத்துல, என் கடைலதான். வெளியூர்க்காரன் எவன் வந்தாலும் முதல்ல இங்கேதான் நுழையறான்."

"உங்க கடைல எதுவும் ஆரம்பிக்கிறதில்லை, முடியத்தான் முடியுது" என்றாள் விதவை டிம்ப்னா. "என் வீட்டுக்காரர் இங்கேதான் முடிஞ்சார்."

எல்லோரும் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்கள்.

ஆடு வளர்க்கிற ஃபீலிம் தொண்டையைச் செருமினார். "நான் டவுன்லேர்ந்து இருட்டுல நடந்து வர்றேன்னு வைங்க. நம்ம ஊர் வந்துடுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? பிஷப் குரைக்கிறப்போ."

பிஷப் என்பது ஃபீலிமின் நாய். கன்றுக்குட்டி அளவு இருக்கும். உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. நன்றாகச் சாப்பிடும், ஒரு வேலையும் செய்யாது. பேர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

"பிஷப் எங்கே நின்னு குரைக்கிறான்?" என்றார் மலாக்கி.

"அது அவன் இஷ்டம். ஒரு நாள் பாலத்துக்கிட்ட, ஒரு நாள் கல்லறைகிட்ட."

"அப்போ நம்ம ஊர் தினம் ஒரு இடத்துல ஆரம்பிக்குதா?"

"அப்படித்தான் இருக்கணும். வரி வாங்க வர்றவன் ஏன் வழி தெரியாம திரும்பிப் போறான்னு இப்பத்தானே புரியுது!"

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை காலையில் பலகையைப் பிஷப்பின் முதுகில் வைத்து வாரால் இறுக்கிக் கட்டினார்கள். ஊரே அதன் வாலுக்குப் பின்னால் வரிசையாக நின்றது.

கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ஒரு உறுமல் கேட்டது. "பஸ்!" என்றாள் டிம்ப்னா. அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். பிற்பாடு விசாரித்ததில் அது ஒரு மாடு. ஆனால் தூக்கிய கையைப் பஸ் நிற்கும்வரை இறக்கக்கூடாது என்பது அதிகாரியின் உத்தரவு.

அந்த நேரம் பார்த்துப் பிஷப்புக்கு ஒரு வாசனை வந்தது. கில்பன்னாவின் ஃபாதர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்டுக்கறி வேகும். பிஷப் எழுந்து நடந்தது.

"ஊர் நகருது" என்றார் ஃபீலிம், கவலையோடு.

"பின்னாடியே போ" என்றார் மலாக்கி. "பலகைக்குப் பின்னாடி நிக்கணும்னுதானே சொன்னாரு? பலகை எங்கேயோ நாம அங்கே."

போனார்கள். ஒரு கை ஆகாயத்தில், ஒரு கை முன்னால் இருப்பவர் தோளில், சேற்றிலும் முள்வேலியிலும் விழுந்து எழுந்து போனார்கள். ஓடையைத் தாண்டும்போது மூன்று பேர் விழுந்தார்கள். தண்ணீருக்கு மேலே மூன்று கைகள் மட்டும் உத்தரவுப்படி நேராக நின்றன.

கில்பன்னா எல்லையில் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்: "எங்கேப்பா எல்லாரும்?"

"பிஷப் பின்னாடி" என்றாள் டிம்ப்னா.

அவர் அவசரமாகத் தொப்பியைக் கழற்றினார்.

ஃபாதர் வீட்டு அடுக்களைக்குக் குறுக்கு வழி கோயிலுக்குள்ளே இருந்தது. உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. ஃபாதர் யூனன் முப்பது வருஷமாகச் செய்கிற அதே பிரசங்கத்தைச் செய்துகொண்டிருந்தார். விஷயம் குடி. "குடிப்பதை இந்த நிமிஷமே விட்டுவிடத் தயாராக இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள்!" என்று அவர் முழங்கினார். முப்பது வருஷத்தில் ஒரு கை எழுந்ததில்லை.

கதவு திறந்தது. பாலிமூனா முழுவதும் கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தது.

நாய் பீடத்தின் பக்கமாகப் போய் அடுக்களைப் பக்கம் மறைந்ததை ஃபாதர் பார்க்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர். வரிசையின் தலையில் நின்றவரைப் பார்த்ததும் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"மலாக்கி! மதுக்கடை வெச்சிருக்கிற நீயுமா?"

மலாக்கிக்கு விஷயம் மெல்லத்தான் புரிந்தது. முகம் வெளுத்தது. "ஃபாதர், என்னால இந்தக் கையை இறக்க முடியாது."

"இறக்காதே மகனே! ஒருபோதும் இறக்காதே! உன்னை இங்கே கூட்டிட்டு வந்தது யாரு?"

"பிஷப், ஃபாதர்."

ஃபாதர் சிலுவை போட்டுக்கொண்டார். மறை மாவட்டத்தில் இவ்வளவு அக்கறையான பிஷப் இருப்பார் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. அப்போதே அத்தனை பேரிடமும், பாலிமூனா எல்லைக்குள் இனி ஒரு சொட்டு மதுவும் தொடமாட்டோம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

பிஷப் எலும்போடு அடுக்களை வழியாக வெளியே போய்க் கோயில் வாசலில் உட்கார்ந்தது. ஊரும் போய் அதன் பின்னால் நின்றது. கை வலியில் சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். மலாக்கி வேறு காரணத்துக்காக அழுதுகொண்டிருந்தார்.

அப்போதுதான் பஸ் வந்தது. டிரைவர் கார்மக்குக்கு இந்தப் பக்கம் புதிது. பலகையில் பேரைப் பார்த்து நிறுத்து என்று மட்டும்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கில்பன்னாக்காரர்கள் தங்கள் பலகைக்குத் தங்க எழுத்துப் போட வேண்டுமென்று டவுனுக்கு அனுப்பியிருந்தார்கள். அது இன்னும் திரும்பி வரவில்லை. ஆகவே கார்மக் கண்ணில் பட்ட பலகை ஒன்றுதான்.

"பாலிமூனா!" என்று கத்திவிட்டுப் பிரேக் போட்டார்.

அத்தனை கைகளும் தொப்பென்று விழுந்தன. எல்லோரும் நாயோடு ஏறினார்கள்.

"எங்கே போகணும்?"

"பாலிமூனாவுக்கு" என்றார் ஃபீலிம்.

"இதுதானே பாலிமூனா?" என்று டிரைவர் பலகையைக் காட்டினார்.

உள்ளே ஆலோசனை நடந்தது. "பார்த்தா கில்பன்னா மாதிரி இருக்கு" என்றார் ஃபீலிம். "பலகை சர்க்காரோடது" என்றார் மலாக்கி. "சர்க்கார் பொய் சொல்லுமா?" அப்படியென்றால் இது சொந்த ஊர். சொந்த ஊரிலிருந்து சொந்த ஊருக்குப் போக எதற்குப் பஸ்? ஏறியது ஏறியாகிவிட்டது, இறங்கினால் பஸ் போய்விடும்.

"அடுத்த ஊருக்கு விடுங்க" என்றாள் டிம்ப்னா.

அடுத்த ஊர் ஆளரவமில்லாமல் கிடந்தது. டிரைவரின் பட்டியலில் மிச்சமிருந்த பேர் ஒன்றுதான். "கில்பன்னா!" என்று கத்தினார். வெள்ளோட்டத்தில் இவ்வளவு கூட்டமா என்று மகிழ்ந்து, இனி தினமும் வருகிறேன் என்று சொல்லி, எல்லோரையும் இறக்கிவிட்டுப் போனார்.

இறங்கியவர்கள் சுற்றிலும் பார்த்தார்கள். மெல்லக் கோபம் வந்தது.

"கில்பன்னாக்காரன் திமிரைப் பார்த்தீங்களா!" என்றாள் டிம்ப்னா. "நம்ம ஊரை அப்படியே பார்த்துக் கட்டியிருக்கான். என் வீட்டு ஜன்னல் விரிசலைக்கூட விடலை."

"எங்க அம்மாவையும் வெச்சிருக்கான்" என்றார் ஃபீலிம். கதவில்லாத வாசலில் ஓர் அம்மாள் நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். "குரல்கூட அதேதான்."

மலாக்கி மட்டும் மெல்ல மலர்ந்தார். சத்தியம் பாலிமூனா எல்லைக்குள்தான். இது கில்பன்னா. எதிரே ஒரு மதுக்கடை வேறு இருந்தது.

எல்லோரும் ஓடிப்போய்க் கதவைத் தட்டினார்கள். பூட்டியிருந்தது. மலாக்கியின் பையிலிருந்த சாவி அந்தப் பூட்டுக்குச் சரியாகப் பொருந்தியது. ஆனால் அவர் அதை உடனே வெளியே இழுத்துவிட்டார். அடுத்தவன் கடையைத் திறப்பது திருட்டு அல்லவா? ஊரே அவருடைய நேர்மையை மெச்சியது.

மழை பிடித்தது. கடைக்காரன் வரட்டும் என்று எல்லோரும் வாசலில் நனைந்துகொண்டு உட்கார்ந்தார்கள். பொழுது சாயும்வரை யாரும் வரவில்லை. கடைசியில் மலாக்கிக்கே பொறுக்கவில்லை. எழுந்து கதவை ஓங்கி ஒரு உதை விட்டுச் சொன்னார்:

"வாசல்ல இத்தனை பேர் காத்துக்கிடக்கிறோம், எங்கே ஊர் சுத்தப் போனானோ! இந்தக் கடை மட்டும் என்னோடதா இருந்தா, இந்நேரம் திறந்து எல்லாருக்கும் ஊத்திக் கொடுத்திருப்பேன்!"