பம்புக்கு வைத்த பொட்டு

கடற்படைத் தளபதி சேந்தனுக்கு மனசில் ஒரு குறை. மாலுமிகள் விறைப்பாக வணக்கம் வைப்பார்கள். முகத்தை மட்டும் பார்க்கமாட்டார்கள். ஏன் என்று, ஊரே புத்தி கேட்கப் போகும் குருவம்மாவிடம் போய்க் கேட்டார்.

அம்மா வேறொன்று கேட்டார். நாளைக்கு மூன்று கப்பல்கள் மழைக்காலக் கடலுக்குப் போகின்றனவாமே, இன்றைக்கு அவற்றைச் சோதிக்கும்போது நானும் வரட்டுமா என்றார்.

முதல் கப்பலில் ஏறியதும் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். பிறகுதான் கீழே கூட்டிப்போனார்கள். உள்ளே புகுந்த தண்ணீரை வெளியே இறைக்கும் பம்பு பளபளவென்று இருந்தது. ஓட்டிக் காட்டினார்கள், ஓடியது. அம்மா குங்குமச் சிமிழைத் திறந்து அதற்கு ஒரு பொட்டு வைத்தார்.

இரண்டாவது கப்பலிலும் முதலில் டீதான். கீழே போனால் பம்புக்கு ஏற்கெனவே பொட்டு இருந்தது.

அம்மா சிமிழை மூடிக்கொண்டார். சேந்தன் வேறு பக்கம் பார்த்தார்.

மூன்றாவது கப்பல் துறையின் கடைக்கோடியில் நின்றது. அதனால் அங்கே டீயோடு பஜ்ஜியும் வந்தது. கீழே அதே பொட்டு, வியர்த்த கை பட்டு இழுபட்டிருந்தது. பக்கத்தில் நாலு மாலுமிகள் தரையைப் பார்த்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மற்ற ரெண்டு பம்பும் எங்கே?" என்றார் அம்மா.

பழுதாகி வருஷக்கணக்காகிறது என்று சேந்தன் முணுமுணுத்தார். புதுசு கேட்டால் தலைநகரத்தில் முகம் சுளிப்பார்களாம். கப்பல்கள் போகமுடியாது என்று சொன்னால் பதவியே போய்விடுமாம்.

சொல்லிக்கொண்டே கைக்குட்டையை எடுத்து அந்தப் பொட்டை அழுத்தித் துடைத்தார். மூன்றும் தயார் என்று தலைநகரத்துக்குத் தகவல் அனுப்பச் சொன்னார். பம்பை முதல் கப்பலிலேயே கொண்டுபோய் மாட்டிவிடுங்கள் என்று அந்த நால்வருக்கும் உத்தரவு போட்டார்.

"அப்ப எங்களுக்கு வாளியாங்க ஐயா?" என்றான் ஒருவன், குனிந்த தலை நிமிராமல்.

சேந்தன் காதில் விழாதமாதிரி படியேறினார். கரைக்கு வந்ததும், "நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே, அம்மா" என்றார்.

பின்னால் பம்பைச் சுமந்துகொண்டு நாலு பேரும் வந்தார்கள். அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார் அம்மா.

"நாளைக்கு நீ எந்தக் கப்பல்ல ஏறப்போறே, சேந்தா?"

சேந்தனின் கண் முதல் கப்பல் பக்கம் போயிற்று.