ஒத்து ஊதியவன்

ஒத்து என்பது பார்க்க நாயனம் போலவே இருக்கும். விரல் வைத்து வாசிக்கத் துளைதான் இருக்காது. ஒரே சுருதி. நாயனக்காரர் மேலே போனாலும் கீழே வந்தாலும் ஒத்துக்காரன் பக்கத்தில் இருந்துகொண்டு, மூக்கால் மூச்சிழுத்து, கன்னத்தில் தேக்கி, அறுபடாமல் அந்த ஒன்றையே ஊதிக்கொண்டிருக்க வேண்டும். கல்யாண வீட்டில் அவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பந்திக்குக் கூப்பிடும்போதுகூட அவன் ஞாபகம் கடைசியில்தான் வரும்.

குஞ்சிதபாதத்தின் மேளத்தில் மூன்று வருஷமாக ஒத்து ஊதியவன் தனஞ்செயன். பதினேழு வயது. அவன் தன் ஆசிரியரிடம் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்.

"எனக்கு எப்பய்யா நாயனம்?"

"ஒத்து நிக்கட்டும்டா."

அதோடு பேச்சு முடிந்துவிடும். தனஞ்செயனும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தான், முகிலன் வந்து சேரும்வரை. முகிலன் அவனைவிட இளையவன். தையில் சேர்ந்தான், ஆடிக்குள் கையில் நாயனம். இது என்ன நியாயம் என்று கேட்டதற்கு, அவனுக்கு விரல் வருது, உனக்கு மூச்சு வருது என்றார் குஞ்சிதபாதம். இதெல்லாம் ஒரு பதிலா என்று தனஞ்செயனுக்கு வயிறு எரிந்தது. முகிலன் வாசிக்கும்போது ஆசிரியர் கண்ணை மூடித் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைப் பக்கத்திலேயே உட்கார்ந்து, கன்னம் உப்ப, தினமும் பார்க்க வேண்டியிருந்தது. ஊதுகிற வாயால் பொருமக்கூட முடியாது.

பொருமுவதற்கு அவனுக்கு ஒரு இடம் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து செல்போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். 'கெத்து பசங்க' என்று பெயர். அதற்குத் தலைவன் விக்கி. நேற்று வந்தவன் நாயனம் ஊதுறான், நீ இன்னும் அவனுக்கு ஒத்து ஊதுறியா என்று அவன் ஒருநாள் எழுத, மற்றவர்கள் சிரிக்கிற பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். தனஞ்செயனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த கல்யாணத்தில் முகிலன் ஒரு இடத்தில் சுருதி தப்பிப் பிசிறடித்தான். அது வீடியோவில் விழுந்தது. விக்கி அதில் ஆடு கத்துகிற சத்தத்தைச் சேர்த்து, பொய்ப் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கிப் போட்டுவிட்டான். ஊரே பார்த்தது. முகிலன் கடைத்தெருவுக்குப் போனால் சின்னப் பிள்ளைகள் ஆடு மாதிரி கத்தின. அதைப் பார்த்ததும் தனஞ்செயனுக்கு வயிறு குளிர்ந்தது. குளிர்ந்த வயிறு ரெண்டு நாளில் மறுபடி எரிய ஆரம்பித்துவிட்டது, ஏனென்றால் முகிலன் நாயனத்தைக் கீழே வைக்கவில்லை. வாசிப்பும் கெடவில்லை. போதாக்குறைக்குக் கோயில் குடமுழுக்கில் அவன்தான் தன் பக்கத்தில் வாசிப்பான் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.

இதோட விட்டா எப்படி மச்சி என்று கேட்டான் விக்கி. நாயனத்தின் வாயில் செருகுகிற சீவாளி கெட்டுப்போனால் முகிலன் என்ன செய்வான் என்றும் கேட்டான். சீவாளியைப் பற்றி அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே தனஞ்செயன்தான். ஒவ்வொருவர் உதட்டுக்கும் ஒன்று பழகி வரும், பழக நாளாகும், இன்னொருவருடையது உதவாது என்று. அவன் இல்லாட்டி அடுத்து நீதானே என்று எழுதினான் விக்கி. செஞ்சிட்டு போட்டோ போடு என்றான்.

வேண்டாம் என்று தனஞ்செயன் எழுதத்தான் ஆரம்பித்தான். பாதியில் அழித்துவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மையைப் போட்டான்.

குடமுழுக்குக்கு முந்தின நாள் காலையில் எல்லோரும் காப்பி குடிக்கப் போயிருந்தபோது, கோயில் மண்டபத்தில் வைத்து முகிலனின் சீவாளியை அவன் பிளேடால் கீறினான். போட்டோ எடுக்கக் கை வரவில்லை.

திரும்பி வந்த முகிலன் சீவாளியை எடுத்துப் பார்த்தான். அழவில்லை. தன்னிடம் இருந்த பழகின சீவாளி அது ஒன்றுதான் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, நாயனத்தை உறையில் போட்டு மூடினான்.

குஞ்சிதபாதம் தனஞ்செயனைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவன் தாங்கவில்லை.

"நானா செய்யலய்யா. பசங்க சொன்னானுங்க. வீடியோவும் அவனுங்க வேலைதான். நான் சும்மா அவனுங்களுக்கு ஒத்து ஊதினேன், அவ்வளவுதான்."

தவில்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். குஞ்சிதபாதம் சிரிக்கவில்லை.

"சரி. ஒத்தை எடு."

அவன் எடுத்து ஊதினான். அவர் தன் நாயனத்தைத் தூக்கினார். முதலில் ஒழுங்காக வாசித்தார். பிறகு வேண்டுமென்றே சுருதியை விட்டு இறங்கினார், அவன் காதருகில் வந்து அரைச் சுரம் தள்ளி இழுத்தார். தவில்காரருக்குக் கண்ணைக் காட்ட, அவரும் தாளத்தை மாற்றிக் குழப்பினார். தனஞ்செயன் சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. போட்டோ எங்கே என்று விக்கிதான் கேட்டிருப்பான். அது விட்டு விட்டு அதிர்ந்துகொண்டே இருந்தது. கண்ணில் நீர் கோத்து வழிந்ததே தவிர, ஒத்து இம்மியும் அசையவில்லை. மூன்று வருஷத்து மூச்சு அது.

குஞ்சிதபாதம் நாயனத்தை இறக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ்வளவு இழுத்தேனே, ஏன்டா நீ வரல?"

"வரக்கூடாதுல்லய்யா."

"வந்தா?"

"ஒத்து போனா எல்லாம் போயிடும்யா. நீங்க திரும்பி வர இடம் இருக்காது."

அவர் தலையாட்டினார். கண்ணை மூடித்தான் ஆட்டினார். அதற்காக ஏங்கியவனுக்கு அது இந்த நேரத்திலா கிடைக்க வேண்டும். பிறகு அவர் தன் செல்போனை எடுத்து, அந்த ஆட்டு வீடியோவை ஓடவிட்டு அவன் கையில் கொடுத்தார்.

"காதுல வச்சுக் கேளு. என்னென்ன கேக்குதோ சொல்லு."

அவன் வைத்துக் கேட்டான்.

"தவில் கேக்குதுய்யா. தாளம். முகிலனோட நாயனம்." செல்போனைக் காதிலிருந்து எடுத்தான். "ஆடு."

"இன்னும் கேளு."

அவன் மறுபடி வைத்துக் கேட்டான். கல்யாணத்தன்று முகிலன் வாசித்துக்கொண்டிருக்கையில், ஒத்தின் சீவாளியைத் துடைப்பதாகச் சொல்லி அதைக் கீழே வைத்துவிட்டு, வீடியோ எடுக்கச் செல்போனை நீட்டியது அவன்தான். காதிலிருந்து எடுத்துப் பார்த்தபோது, சுருதி நின்றுபோன திகைப்பில் முகிலன் திரும்பிப் பார்ப்பது படத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் பிசிறு.

"அவனுங்களுக்கு ஒத்து ஊதினேன்னு சொன்னியே," என்றார் குஞ்சிதபாதம். "இதுல எங்கடா ஒத்து?"